நடந்து வரும் விஷம்

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு நாய் என்னைக் கடித்தது. இது ஒன்றும் சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய நிகழ்ச்சி அல்ல. ஆனாலும் நான் சொல்ல வந்திருக்கும் சரித்திரத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்கு அகப்படவில்லை.

1989-ஆம் ஆண்டு, கோடை விடுமுறை. பெருமாள் கோயில் மதிலோரமாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு செம்பட்டை நாய் வந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, யாரோ கோடு கிழித்து விட்டதைப்போல நேராக ஓடி வந்தது. என் ஆடுசதையில் ஒரு கடி, அவ்வளவுதான். நின்று பார்க்கக்கூட இல்லை. அதே நேர்கோட்டில் போய், பால்காரர் வீட்டு வாசலில் கட்டியிருந்த கன்றைக் கடித்துவிட்டு, தெருக்கோடிக்குப் போயிற்று. அங்கே நாலு பேர் கூடி அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம், ஊசி. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். மாட்டுக்குப் போடும் ஊசியைத்தான் போடுவார்கள் என்று சொன்ன பையன் ஒருவன் உண்டு. நாயைவிட ஊசிக்குப் பயந்து இரண்டு நாள் வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒன்பது வயதுப் பையன் திடீரென்று அடக்கமாக வேட்டி கட்ட ஆரம்பித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மூன்றாம் நாள் காலையில் அக்கா பிடித்துவிட்டாள். "என்னடா இது?" என்று கேட்டவள், என் பதிலுக்குக் காத்திராமல் கூச்சல் போட்டாள். பாட்டி மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்தாள். அப்பா அதைத் தட்டிவிட்டு, எனக்கு ஒரு அறை கொடுத்து, சைக்கிளில் உட்கார்த்தி வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு வயதான கம்பவுண்டர் இருந்தார். கடிவாயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "விஷம் நடந்துதான் வரும் தம்பி. நாம ஓடினாப் போதும். நீ ரெண்டு நாள் உட்கார்ந்துட்டே."

பிற்பாடு நாய்க்கடியைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்தேன். கம்பவுண்டர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களுக்கு மேல் அவற்றில் அதிகமாக ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெறிநாயின் எச்சிலில் உள்ள கிருமி, பாம்பின் விஷத்தைப்போல் ரத்தத்தில் பாய்ந்து ஓடுவதில்லை. கடிபட்ட இடத்தில் உள்ள நரம்புக்குள் புகுந்து, அந்த நரம்பையே ஒற்றையடிப் பாதையாக வைத்துக்கொண்டு மூளையை நோக்கி மெள்ள ஊர்கிறது. சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கிறது. சில சமயம் ஒரே வாரம், சில சமயம் ஒரு வருஷம். காலில் கடித்தால் தூரம் அதிகம். முகத்தில் கடித்தால் கிட்டம். மூளையை எட்டிய பிறகு வைத்தியம் என்று எதுவும் கிடையாது; இன்றைக்கும் கிடையாது. தப்பியவர்களை உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக, கடிக்கும் சாவுக்கும் நடுவே ஓர் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான், யார் யார் அதைக் கோட்டைவிட்டார்கள் என்பதுதான் நாய்க்கடியின் சரித்திரம்.

இந்த நோயைப் பழைய வைத்தியர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். சுசுருத சம்ஹிதை வெறிபிடித்த நாய், நரி முதலியவற்றின் கடியைப் பற்றிச் சொல்கிறது. கடிபட்டவன் தண்ணீரைக் கண்டு நடுங்க ஆரம்பித்துவிட்டால் பிழைக்கமாட்டான் என்று அது கைவிரித்துவிடுகிறது. ஜலத்ராசம் என்று அதற்குப் பெயர். ரோமாபுரியில் கெல்சஸ் என்பவர் கடிவாயைச் சுடச் சொன்னார். அது ஓரளவுக்கு அறிவுள்ள யோசனை. தண்ணீருக்குப் பயப்படும் நோயாளியை எதிர்பாராத சமயத்தில் குளத்தில் தள்ளிவிடும்படியும் சொன்னார். அதைப் பற்றி என்ன சொல்வது! ஐரோப்பாவில் புனித ஹூபர்ட்டின் சாவி என்று ஓர் இரும்புத் துண்டு, மாதா கோயில்களில் இருக்கும். அதைப் பழுக்கக் காய்ச்சிக் கடிவாயில் வைப்பார்கள். நம்முடைய பாட்டி மிளகாய்ப்பொடி கொண்டுவந்தாள். ஒவ்வொரு ஊரிலும் ஜனங்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. எரிச்சல் தருவதெல்லாம் மருந்து என்ற எண்ணமும் இருந்தது.

பிரான்ஸ் தேசத்தில் ஆர்புவா என்ற சிற்றூர். 1831-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து வெறிபிடித்த ஓநாய் ஒன்று வந்து பலரைக் கடித்துக் குதறியது. கடிபட்ட ஒருவரைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் செக்கச் சிவந்த கம்பியால் சுட்டார்கள். பட்டறைக்குச் சற்று தூரத்தில் தோல் பதனிடும் ஒருவருடைய வீடு இருந்தது. அந்த வீட்டுப் பையன் இதைப் பார்த்தான். அவனுக்கு எட்டு வயது. பெயர் லூயி பாஸ்டர்.

அன்று கேட்ட அலறல்தான் அவரை வெறிநாய்க்கடி ஆராய்ச்சிக்கு இழுத்துக்கொண்டு வந்தது என்று வாழ்க்கை வரலாறுகளில் எழுதுவார்கள். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட முடிச்சு மிகவும் பிடிக்கும். ஆனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் படிகங்களையும் திராட்சை ரசத்தையும் பட்டுப்புழுவையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். இடையே 1868-இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் பாதி செயலற்றுப் போயிற்று. 1880-இல் வெறிநோயைக் கையில் எடுத்தபோது அவர் வயது ஐம்பத்தேழு. மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்ல, ரசாயனம் படித்தவர். ஒரு மனிதன் மீது ஊசி குத்தச் சட்டப்படி அவருக்கு உரிமை கிடையாது.

எந்த நோயை ஒழிக்க முனைந்தாரோ அந்த நோயின் கிருமியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தக் காலத்துப் பூதக்கண்ணாடிகளுக்கு அது அகப்படாத அளவு சிறியது. மற்றக் கிருமிகளைக் குடுவையில் வளர்த்துப் பழக்கப்பட்டவருக்கு இது எந்தக் குடுவையிலும் வளரவில்லை. உயிருள்ள நரம்பில் மட்டுமே வளர்ந்தது. ஆகவே முயலின் மூளையில் அதை வளர்த்தார். இந்த வேலையில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் எமீல் ரூ என்ற இளம் டாக்டர். வெறிநோயால் இறந்த முயலின் முதுகுத்தண்டு நரம்பை எடுத்து, இரண்டு வாய் உள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் தொங்கவிடுவார்கள். அடியில் ஈரத்தை உறிஞ்சும் காரத் துண்டுகள். நாள் ஆக ஆக நரம்பு காய்ந்து, அதிலுள்ள விஷமும் வீரியம் குறைந்துகொண்டே வரும். பதினான்கு நாள் காய்ந்த நரம்பு ஒரு முயலைக்கூடக் கொல்லாது. பாஸ்டரின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. எடெல்ஃபெல்ட் என்பவர் 1885-இல் தீட்டியது. ஒரு புட்டியைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் தொங்குவது இந்த நரம்புதான்.

அம்மைக்குப் பால் குத்துவது நோய் வருமுன். வெறிநாய்க்கடிக்கு அப்படி முடியாது. யாரை நாய் கடிக்கும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? பாஸ்டரின் யோசனை வேறு. கடித்த பிறகும் நாள் இருக்கிறதல்லவா? கிருமி நரம்பு வழியாக நடந்து போய்ச் சேருவதற்குள், முதலில் வீரியமற்ற நரம்பு, பிறகு சற்று வீரியமுள்ளது, பிறகு அதற்கும் மேல் என்று படிப்படியாக உள்ளே செலுத்தினால், எதிரி வாசலுக்கு வரும்போது உடம்பு தயாராக நிற்கும். முந்திக்கொண்டு கிளம்பியவனைப் பிந்திக் கிளம்பியவன் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். எண்ணம் எளியதுதான்.

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி அவருடைய ஆராய்ச்சிச்சாலைக்கு மூன்று பேர் வந்தார்கள். அல்சாஸ் மாகாணத்திலிருந்து வந்த ஒரு தாய். அவளுடைய ஒன்பது வயது மகன் ஜோசப் மெய்ஸ்டர். கடித்த நாய்க்குச் சொந்தக்காரரான மளிகைக் கடைக்காரர். பையனுக்குக் கையிலும் காலிலும் தொடையிலுமாகப் பதினான்கு காயங்கள். நடக்கக் கஷ்டப்பட்டான். கடித்து இரண்டு நாள் கடந்துவிட்டது. கடைக்காரரையும் நாய் கவ்வியிருந்தது. ஆனால் பல் தோலில் இறங்கவில்லை. அவரை, ஊருக்குப் போகலாம் என்று பாஸ்டர் அனுப்பிவிட்டார். பையனைத் தங்கவைத்தார். வுல்பியான், கிராஞ்சே என்ற இரண்டு டாக்டர்கள் வந்து பார்த்து, இவன் சாவது உறுதி என்று அபிப்பிராயப்பட்டார்கள். அன்று இரவு எட்டு மணிக்கு, பதினைந்து நாள் காய்ந்த நரம்பைக் கரைத்து, கிராஞ்சே முதல் ஊசியைப் போட்டார். பாஸ்டர் பக்கத்தில் நின்றார்.

பத்து நாளில் பதின்மூன்று ஊசி. (எனக்குப் பத்து ஊசிதான் போட்டார்கள். பதினான்கு என்று ஊரெல்லாம் பயமுறுத்தியிருந்ததால், பதினோராம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்றபோது ஏதோ ஏமாந்தவன் போல இருந்தது.) பையன் ஆராய்ச்சிச்சாலையில் இருந்த முயல்களோடும் சீமைப்பெருச்சாளிகளோடும் விளையாடினான். அவனுக்குப் பிடித்த ஒன்றிரண்டைக் கொல்லக்கூடாது என்று கேட்டான், பாஸ்டரும் விட்டுக்கொடுத்தார். இரவில் அவருக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். தூங்காதவர் அவர்தான். கடைசி நாள் போட்ட ஊசி, ஒரே நாள் காய்ந்த நரம்பு. அது முயலை ஏழு நாளில் கொல்லக்கூடியது. அவர் கணக்குத் தவறாக இருந்தால், நாய் கொல்லாவிட்டாலும் இவர் கொன்றவராவார்.

பையன் பிழைத்தான். உலகம் கொண்டாடியது. நானும் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு, ஒன்பது வயது, காலில் கடி, இரண்டு நாள் தாமதம் என்று பொருத்தம் பார்த்து, ஜோசப் மெய்ஸ்டர் என் சொந்தக்காரன் என்று முடிவு கட்டினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். பாஸ்டர் தம் ஆராய்ச்சிக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்டக்கூடாது என்று குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார். 1964-இல் அவருடைய பேரர் அவற்றைப் பாரிஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். அவற்றைப் படித்த ஜெரால்ட் கைசன் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் 1995-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மெய்ஸ்டர் முதல் நோயாளி அல்ல என்பது அதில் தெரியவந்தது. அதற்கு முன்பே இரண்டு பேருக்கு ஊசி போட்டிருந்தார்கள். ஒருவர் அறுபத்தொரு வயது முதியவர்; பிழைத்துவிட்டார், ஆனால் அவருக்கு வந்தது வெறிநோய்தானா என்பதே சந்தேகம். மற்றது பதினொரு வயதுச் சிறுமி, பெயர் ஜூலி. ஜூன் மாதம் நோய் முற்றிய பிறகு கொண்டுவந்தார்கள். மறுநாள் இறந்தாள். இந்த இருவரைப் பற்றியும் பாஸ்டர் வெளியே சொல்லவில்லை.

இன்னொன்று. மெய்ஸ்டருக்குக் கையாண்ட அதே முறையை, கடிபட்ட நாய்களிடம் சோதித்து முடித்ததாகக் குறிப்பேடுகளில் இல்லை. சோதனை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. எமீல் ரூவுக்கு இதில் சம்மதம் இல்லை; அவர் கொஞ்ச காலம் ஒதுங்கியே இருந்தார். வெறிநாய் கடித்தவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதும் இல்லை. கடைக்காரரின் நாய் உண்மையிலேயே வெறிநாய்தான் என்பதற்கு இருந்த சாட்சியம், அதைக் கொன்று அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் வைக்கோலும் மரத்துண்டும் இருந்தன என்பதுதான். ஆகவே மெய்ஸ்டர் ஊசியால்தான் பிழைத்தான் என்று சத்தியம் செய்ய முடியாது.

இதைப் படித்தபோது எனக்குப் பாஸ்டர் மேல் கோபம் வந்தது. அவர் செய்தது சரி என்று வாதாட நான் முன்வரவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். அந்தத் தாய் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறாள். சோதனை முடிய இன்னும் சில மாதம் ஆகும், அப்புறம் வாருங்கள் என்று சொன்னால், விஷம் காத்திருக்குமா? அந்த ஜூலை மாத இரவில் ரூவும் நியாயஸ்தர், பாஸ்டரும் நியாயஸ்தர். வெளியே சொல்லாமல் மறைத்ததற்குத்தான் என்னால் சமாதானம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் மறைக்க முடியாத சாவு ஒன்றும் வந்தது. லூயிஸ் பெல்தியே என்ற பத்து வயதுச் சிறுமியை ஒரு பெரிய நாய் தலையில் கடித்துவிட்டது. 1885 நவம்பர் 9-ஆம் தேதி பாஸ்டரிடம் கொண்டுவந்தார்கள். கடித்து முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது. தலைக்காயம் இன்னும் ஆறவில்லை. தாமதமாகிவிட்டது என்பது அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. ஊசி போட்டு, அவள் இறந்தால் ஊசியால்தான் இறந்தாள் என்பார்கள்; மற்ற நோயாளிகள் பயந்து வராமல் இருந்துவிடுவார்கள். இதையெல்லாம் அறிந்தும், பெற்றோர் கெஞ்சியபோது அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி அவள் இறந்தாள். பாஸ்டர் அந்த வீட்டில் அவள் படுக்கையருகே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். மாடிப்படி இறங்கும்போது அழுதார் என்கிறார்கள். மெய்ஸ்டர் பிழைத்ததை நம்பி அல்ல, இந்தச் சிறுமிக்கு ஊசி போட்டதை நினைத்துத்தான் அவரை நான் பெரிய மனிதர் என்கிறேன்.

அதற்குள் வேறு பலரும் வந்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வெறிநாயோடு கட்டிப் புரண்டு, தன் சாட்டையால் அதன் வாயைக் கட்டி, மரச்செருப்பால் அடித்துக் கொன்ற ஜூப்பில் என்ற பதினைந்து வயது ஆட்டிடையன். அவனுக்குப் பாரிசில் சிலையே இருக்கிறது. 1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து பத்தொன்பது குடியானவர்கள் ஓநாய்க்கடியோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை 'பாஸ்டர்'. மூன்று பேர் இறந்தார்கள். பதினாறு பேர் திரும்பிப் போனார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தி ஒரு லட்சம் பிராங்க் அனுப்பினார். 1888 நவம்பரில் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

பாரிசில் மருந்து இருந்தால் போதுமா? இந்தியாவில் கடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கப்பல் ஏற்றிப் பாரிசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1900-இல் இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. தென்கோடியில் கடிபட்டவர்கள் அதற்கு நாட்கணக்கில் ரயிலில் போகவேண்டும்.

1902-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெறிநோய் ஒழிந்தது. ஊசியால் அல்ல; நாய்களுக்கு வாய்க்கூடு போடவேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு, வெளிநாட்டு நாய்களைத் தடுத்து நிறுத்திவைக்கும் ஏற்பாடு, இந்த இரண்டால். உத்தரவு போட்ட மந்திரியை நாய்ப் பிரியர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். அதே 1902-இல் நம் நீலகிரியில் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற வெள்ளைக்கார இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தாள். மருந்து இருந்த கசௌலி இந்தியாவின் மறுகோடியில் இருந்தது. தெற்கே ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு அந்தச் சாவிலிருந்துதான் பலமாக எழுந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்க எஃகு முதலாளி கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பங்கு இதற்கு வந்தது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அதுவரை பெயர் தெரியாமல் செத்துக்கொண்டிருந்த நம் குடியானவர்களுக்காக எந்தப் பிரபுவும் பணம் ஒதுக்கவில்லை என்பதை இங்கே குறிக்காமல் இருக்க மனம் வரவில்லை. ஆனால் கட்டடம் எழும்பிய பிறகு அதன் வாசலில் வந்து நின்றவர்கள் அவர்கள்தான். மலை ரயில் 1899-லேயே குன்னூர் வரை வந்துவிட்டது. கடிபட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் ரயில் மாறி, பல்சக்கரத்தைக் கடித்துக் கடித்து அந்த வண்டி மலை ஏறும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

அந்தப் பயணத்தைக் குறைத்தவர் கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள். பாஸ்டரின் முறைக்கு நாள்தோறும் காயும் நரம்பு பக்கத்திலேயே இருக்கவேண்டும். செம்பிள் 1911-இல், கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்றே ஊசிமருந்து செய்யலாம் என்று காட்டினார். செத்த மருந்தைப் புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம். நோயாளி மருந்தைத் தேடிப் போவது மாறி, மருந்து நோயாளியைத் தேடி வந்தது. என் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அந்த வம்சத்து மருந்துதான். ஆட்டு மூளையிலிருந்து செய்தது. நிறைய அளவில் போடவேண்டியிருந்ததால் வயிற்றில் போட்டார்கள். தினம் ஒன்று, வயிறு கட்டி கட்டியாக வீங்கும். மூளைச் சத்து கலந்திருப்பதால் சிலருக்குப் பக்கவாதம்கூட வந்தது. லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய மருந்தும் அதுதான். என்னைப்போன்ற பையன்களைப் பயமுறுத்தி ஆஸ்பத்திரிக்கு வராமல் அடித்த மருந்தும் அதுதான். இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு இறுதியில் அதைச் செய்வதை நிறுத்தினார்கள். வயிற்று ஊசி போய்விட்டது. அதன் பயம் மட்டும் பல வீடுகளில் இன்னும் போகவில்லை.

இடையே பாரசீகத்தில் ஒரு சம்பவம். 1954-இல் ஒரு கிராமத்தில் புகுந்த வெறி ஓநாய் ஒரே இரவில் இருபத்தொன்பது பேரைக் கடித்தது. பலருக்குத் தலையிலும் முகத்திலும் காயம். பெல்தியே சிறுமிக்குப்போலக் கிருமிக்கு வழி மிகவும் குறுகல். ஊசிமருந்து வேலை செய்ய நாள் பிடிக்கும். அதுவரை தாக்குப் பிடிக்க என்ன செய்வது? எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே உள்ள ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தையும் கூடவே போட்டுப் பார்த்தார்கள். தலையில் கடிபட்டு, தடுப்பூசி மட்டும் பெற்ற ஐந்து பேரில் மூன்று பேர் இறந்தார்கள். சீரமும் சேர்த்துப் பெற்ற பதின்மூன்று பேரில் ஒருவர்தான் இறந்தார். உடம்பு தன் படையைத் திரட்டும் வரை கடன்வாங்கிய படை வாசலைக் காக்கிறது. ஆழமான கடிக்கு இன்று கடிவாயிலேயே சீரம் போடுவது அந்த இரவில் படித்த பாடம்.

இன்றைய சிகிச்சையைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். கடித்தவுடன் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். இதை வாசகர்கள் அலட்சியமாக நினைக்கவேண்டாம். அந்தக் கிருமிக்குச் சோப்பைவிடப் பெரிய சத்துரு கிடையாது. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். உயிரணுக்களில் வளர்த்துச் செய்யும் இப்போதைய மருந்தைக் கையில்தான் போடுகிறார்கள். தசையில் போட்டால் அன்று, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து ஊசி. தோலில் போடும் முறையில் நான்கு முறை போனால் போதும். வலி நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தக்கூடாது. வீட்டில் வளர்க்கும் குட்டிதானே, பல் பட்டது ஒரு கீறல்தானே என்று விடக்கூடாது. பூனையும் விலக்கல்ல. கடித்த நாயைக் கொன்றுவிடாமல், முடிந்தால் பத்து நாள் கவனித்து வந்தால் நல்லது. அதற்கு வெறி இருந்திருந்தால் அதற்குள் அது இறந்துவிடும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடுவது கூடாது. எங்கள் தெருவார் நாயைக் கொன்றுவிட்டதால், எனக்கு அந்தச் சோதனைக்கும் வழி இல்லாமல் போயிற்று.

மனிதர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டே இருப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் மொள்வதைப் போன்றது. ஓர் ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் தாவ வழியில்லாமல் அங்கே அணைந்துவிடும் என்று கண்டிருக்கிறார்கள். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். பாதிக்குச் சற்றுக் குறைய, பதினைந்து வயது ஆகாத குழந்தைகள். பாஸ்டர் 1895 செப்டம்பர் 28-இல் இறந்தார். அந்தத் தேதியைத்தான் உலக வெறிநோய் தினமாக அனுசரிக்கிறார்கள்.

என் ஊசிகள் முடிந்து மூன்று வாரம் இருக்கும். பால்காரர் வீட்டுக் கன்று தீனி எடுக்கவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதென்று கையை விட்டுப் பார்க்கப் போனவரை யாரோ தடுத்துவிட்டார்கள். வாயில் நுரை வழிய, அடித்தொண்டையில் விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. இரண்டு இரவு அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. மூன்றாம் இரவு கேட்கவில்லை. பாட்டி என்னைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, "அந்த வாயில்லா ஜீவனுக்கு யாரு ஊசி போட்டா" என்றாள். மிளகாய்ப்பொடியைப் பற்றி அவள் அப்புறம் பேசவே இல்லை.

ஜோசப் மெய்ஸ்டர் என்ன ஆனான் என்று சொல்லவேண்டும். வளர்ந்து பெரியவனாகி, பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்திலேயே வாயில்காப்போனாக அமர்ந்தான். பாஸ்டரின் சமாதி அந்தக் கட்டடத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. 1940-இல் ஜெர்மானியர் பாரிசைப் பிடித்தார்கள். அவர்கள் வந்து சமாதியைத் திறக்கச் சொன்னதாகவும், திறப்பதைவிடச் சாவதே மேல் என்று மெய்ஸ்டர் தற்கொலை செய்துகொண்டதாகவும் ஒரு கதை உலகமெல்லாம் பரவியிருக்கிறது. பல புத்தகங்களில் அச்சாகியும் இருக்கிறது. நானே ஒரு காலத்தில் அதை ஒரு நாவலின் கடைசி அத்தியாயமாக்கலாமா என்று பார்த்தேன். பிறகு வெளிவந்த உண்மையில் வீரம் இல்லை. போருக்குப் பயந்து அவர் தம் மனைவியையும் பெண்களையும் பாரிசை விட்டு வெளியே அனுப்பியிருந்தார். அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. குண்டு வீச்சில் இறந்திருப்பார்கள், நாம்தான் அனுப்பிக் கொன்றோம் என்று மனம் உடைந்துபோனார். ஜூன் 24-ஆம் தேதி வீட்டில் எரிவாயுவைத் திறந்துவிட்டு உயிரை விட்டார். அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது.

மனைவியும் பெண்களும் அன்றைக்கே வீடு திரும்பினார்கள்.